பதின்மூன்று பக்கக் கடிதம்



பத்தமடைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி தன் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தார். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அந்த மனிதருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. டம்ளரில் கொடுத்த தண்ணீர் பாதி சட்டையிலேயே கொட்டிப்போயிற்று. சீட்டு எழுதுகிற இடத்தில் அந்தச் சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன வார்த்தை இது: "ஐயா, இவுக குடிக்கது சபைக்குத் தெரிஞ்சா பிள்ளைக்கு வரன் வராது. அல்சர்னே எழுதிருங்க."

நாங்கள் உள்ளதையே எழுதினோம். வெளியே சொல்லமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தோம். ஆனாலும் அவர் கேட்டது என் மனதை விட்டு நீங்கவில்லை. அரசுக்கோ போலீசுக்கோ அவர் பயப்படவில்லை. அவர் பயந்தது சபைக்கு! ஆறுதல் கிடைக்கவேண்டிய இடத்தைக் கண்டு மறைந்துகொள்ள வேண்டிய நிலைமை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற பட்டணத்தில் 1939ஆம் ஆண்டு புனித தோமா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ, குடி நோயாளி ஒருவரை முதன்முதலாகப் படுக்கையில் சேர்த்தபோது ரெஜிஸ்டரில் இரைப்பை அழற்சி என்றுதான் எழுதிச் சேர்த்தார். குடிகாரனுக்குக் கட்டில் கொடுக்க அந்நாளில் ஆஸ்பத்திரிகள் மனமில்லாதிருந்தன. நம் சகோதரி அல்சர் என்று எழுதச் சொன்னதும், அந்த அம்மையார் இரைப்பை என்று எழுதியதும் ஒரே காரணத்தினால்தான். வெட்கம்.

இந்த மாதப் பாடத்துக்கு ஒரு பாப்டிஸ்ட் போதகரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் ஜான் பேக்கர். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற வாஞ்சை இளமையிலேயே இருந்தது. ஆனால் தான் அதற்கு அபாத்திரன் என்ற எண்ணம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கல்லூரிக்குப் போன இடத்தில் குடியைக் கண்டுபிடித்தார். அந்த உள்வலிக்கு அது மருந்துபோலத் தோன்றிற்று. அங்கேதான் அவர் தம் மனைவி ஷெரிலையும் சந்தித்தார். வியட்நாம் யுத்த காலத்தில் விமானப்படையில் சேர்ந்தார். பிறகு வியாபாரத் துறையில் நுழைந்து, இரவுக் கல்லூரியில் மேற்படிப்பும் முடித்து, பெரிய பதவிக்கு வந்தார். வேலைக்கு ஒருநாளும் தவறவில்லை. தெருவில் விழுந்து கிடக்கவுமில்லை. நல்ல சம்பளம், நல்ல வீடு, இரண்டு பிள்ளைகள். வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர் குடிகாரர் அல்ல.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். குடி நோயாளி என்றாலே சாக்கடை ஓரத்தில் கிடப்பவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் வாத்தியார்கள் உண்டு, டிரைவர்கள் உண்டு, கொத்தனார்கள் உண்டு, பாங்க் உத்தியோகஸ்தர்கள் உண்டு. ஞாயிறு காலையில் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வேலைக்குப் போகிறான், சம்பளம் கொண்டுவருகிறான் என்பதெல்லாம் நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பேக்கரின் வீட்டில் விஷயம் முற்றிப்போனது. குடியை விடுங்கள் அல்லது வீட்டை விடுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார். அவர் வீட்டை விட்டார்! இப்படிச் செய்கிறவர்கள் அநேகர். அன்பில்லாததினால் அல்ல, அந்த நேரத்தில் குடியை விடுவது அவர்கள் கையில் இல்லாததினால். பிறகு ஒருநாள் அடிமட்டத்துக்கு வந்து, குடியர் மறுவாழ்வுக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். நம் நாட்டிலும் பல பட்டணங்களில் நடைபெறும் அந்த ஏ.ஏ. என்ற ஐக்கியம் 1935ஆம் ஆண்டு அதே ஆக்ரன் பட்டணத்தில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. பேக்கர் அங்கே குடியை நிறுத்தினார். குடும்பம் படிப்படியாக ஒன்று சேர்ந்தது. மனைவியும் பிள்ளைகளும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த கலிபோர்னியாவின் சேடில்பேக் சபைக்கு அவரும் போனார். ரிக் வாரன் என்பவர் 1980ல் தொடங்கிய அந்தச் சபை அப்போது தென்னக பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தது. 2023ல் அப்பிரிவிலிருந்து விலக்கப்பட்டது.

அங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. மறுவாழ்வுக் கூட்டத்தில் தன் குடியைப்பற்றி மனம் திறந்து பேசலாம். ஆனால் தன்னைத் தூக்கிவிட்டவர் இயேசு என்று சொன்னால் சிலர் பரிகசித்தார்கள். சபையில் இயேசுவைப்பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் குடியைப்பற்றி வாய் திறக்க முடியாது. இங்கே பாதி மனிதன், அங்கே பாதி மனிதன். முழு மனிதனாகப் போய் உட்கார ஓர் இடம் இல்லை. இதை நினைத்து நினைத்து, தன் போதகருக்கு நெருக்கி எழுதிய பதின்மூன்று பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பினார். சபைக்குள்ளேயே இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் ஊழியம் வேண்டும், அது இன்ன இன்ன விதமாய் நடக்கவேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருந்தார். போதகர் வாசித்துவிட்டுச் சொன்ன பதிலின் சாரம்: நல்லது ஜான், நீரே அதைச் செய்யும்.

நம்முடைய சபைகளுக்கும் இப்படி எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. கமிட்டிக்குப் போடுவோம், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று வைத்துவிடுகிறோம். நானும் வைத்தவன்தான்.

1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் 43 பேர். (அதே 1991ல்தான் நம் மாநிலத்தில் மலிவு விலை மதுவும் சாராயக் கடைகளும் நிறுத்தப்பட்டன. அப்போது நம் தாய்மார் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003ல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் மூலம் அரசு எடுத்து நடத்தத் தொடங்கியது. ராஜாஜி 1937ல் சேலம் ஜில்லாவில் கொண்டுவந்த மதுவிலக்கு முதல் இன்றுவரை கடை திறப்பதும் மூடுவதுமாகவே நம் சரித்திரம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சட்டம் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்; ஆனால் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறவனைச் சட்டம் அவிழ்த்துவிடாது.)

பேக்கர் நடத்திய ஊழியத்துக்கு அடிப்படை மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் பாக்கியவசனங்கள். ரிக் வாரன் அவற்றிலிருந்து எட்டு நியமங்களை வகுத்துப் பிரசங்கித்தார். பேக்கர் அவற்றைக் குழுவாகப் படிக்கும் பாடங்களாக எழுதினார். முதல் பாக்கியவசனம் ஆவியில் எளிமையைப்பற்றியது. நான் தேவன் அல்ல, என் பழக்கத்தை அடக்க எனக்குப் பெலன் இல்லை என்று ஒத்துக்கொள்வதே அதன் கருத்தாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது எவ்வளவு கஷ்டம் என்பது குடி நோயாளியோடு பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "நான் நினைச்சா நாளைக்கே விட்டிருவேன் ஐயா" என்று சொல்லாதவர் எங்கள் வார்டில் இல்லை. அந்த நாளை வருவதேயில்லை. துயரப்படுகிறவர்களைப்பற்றிய இரண்டாம் வசனம், தேவன் இருக்கிறார், நான் அவருக்கு முக்கியமானவன் என்ற நம்பிக்கைக்கு வழி திறக்கிறது. சாந்தகுணம் என்பது அவர் கையில் தன்னை ஒப்புவிப்பது.

இருதய சுத்தத்தைப்பற்றிய வசனத்தில்தான் பாடத்தின் முதுகெலும்பு இருக்கிறது. தன் குற்றங்களைத் தனக்கும், தேவனுக்கும், நம்பிக்கைக்குரிய இன்னொரு மனிதருக்கும் சொல்வது. தேவனுக்குச் சொல்லிவிட்டேன், போதாதா என்று கேட்பீர்கள். யாக்கோபு 5:16ஐ எடுத்து வாசியுங்கள். ஒருவருக்கொருவர் அறிக்கை செய்வதையும் சொஸ்தமாவதையும் அப்போஸ்தலன் அங்கே ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறார். ஆனால் யாரிடம் சொல்வது? காலையில் சொன்னால் மாலையில் சேரன்மகாதேவி வரை போய்விடும் என்றால் எவன் வாய் திறப்பான்? ஆகவே பேக்கரின் குழுக்களில் சில கண்டிப்பான ஒழுங்குகள் உண்டு. ஆண்கள் தனி, பெண்கள் தனி. கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டுப் புத்தி சொல்லக்கூடாது. இந்தக் கடைசி ஒழுங்கை நம் சபைக் கமிட்டியில் ஒரே ஒரு கூட்டத்துக்காவது கைக்கொண்டு பார்த்தால் நன்றாயிருக்கும்!

இரக்கமும் சமாதானமும் பற்றிய வசனங்களில் மன்னிப்பதும், நாம் நஷ்டப்படுத்தினவர்களுக்கு ஈடு செய்வதும் வருகின்றன. எட்டாவது நியமம், பெற்ற விடுதலையை மற்றவர்களுக்கு எடுத்துச்செல்வது. குடிக்காக வந்தவர்கள் மட்டுமல்ல, கோபத்துக்கு, சூதாட்டத்துக்கு, துக்கத்துக்கு, பழைய காயங்களுக்கு என்று வந்தவர்கள் அவர்களைவிட அதிகம். இவ்விதமாய் அந்த ஊழியம் ஆயிரக்கணக்கான சபைகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் பரவிற்று. பேக்கர் அச்சபையின் போதகர்களில் ஒருவராகி, 2021 பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இளமையில் அபாத்திரன் என்று ஒதுங்கிப்போன அதே ஊழியத்துக்கு, தன் வெட்கத்தின் வழியாகவே வந்து சேர்ந்தார்.

இனி, ஆஸ்பத்திரிக்காரனாகச் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இதை மட்டுமாவது சபையில் வாசித்துக் காட்டுங்கள்.

நான் வாலிபனாயிருந்தபோது, ஒரு சகோதரனைக் குடியிலிருந்து விடுவிக்க நாங்கள் சில வாலிபர் சேர்ந்து மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். அவரையும் உபவாசம் இருக்கச் செய்து, ஓர் அறையில் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டோம். இரண்டாம் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. பல் கிட்டிப்போய், நாக்கைக் கடித்து, வாயெல்லாம் இரத்தம். பிசாசு போராடுகிறது என்று நாங்கள் இன்னும் சத்தமாய் ஜெபித்தோம். அவருடைய தாயார்தான் கதவைத் தட்டித் திறக்கவைத்து வண்டி பிடித்தார்கள். அவர் பிழைத்தார். அந்தத் தாயார் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பிற்பாடு படித்தே அறிந்தேன்.

நடந்தது இதுதான். வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் மந்தத்துக்கு எதிராக எப்போதும் விசையோடு ஓடப் பழகியிருக்கிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த விசை கட்டுக்கு மீறிப்போகிறது. சில மணி நேரத்திலேயே நடுக்கம், வேர்வை, வாந்தி. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை உண்டாகி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் காண்பார்கள். காய்ச்சலும் படபடப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நாள்பட்ட குடியை நிறுத்துவது டாக்டரின் மேற்பார்வையில் நடக்கவேண்டும். குளோர்டயஸெப்பாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம் கொடுப்பார்கள். தையமின் என்கிற பி-1 வைட்டமின் ஊசி அவசியம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு தையமின் போடவேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே அந்தச் சத்து வற்றிப்போன மூளைக்கு நிரந்தரச் சேதம் வந்து, கண் அசைவும் நடையும் ஞாபகசக்தியும் கெட்டுப்போகலாம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்த ஊசிகளுக்குச் செலவாகிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. குடியை மறக்கடிக்கும் பவுடர் என்று எதையாவது வாங்கி, கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துகொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழச்செய்யும். நோயாளியே அறிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால் அது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால், அவர் வழக்கம்போல் போய்க் குடித்து உயிரையே இழக்க நேரிடும். தாய்மாரே, தயவுசெய்து வேண்டாம்.

பூட்டிவைப்பதும் கட்டிவைப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுத்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், தன் கணவர் டி.டி. ரங்கநாதனை இளம் வயதிலேயே குடி நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் முடங்கிவிடாமல், அந்நோயைப்பற்றி வெளிநாட்டில் பயிற்சி பெற்று, 1980ல் சென்னையில் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அதைச் சொல்வார்கள். 1989 முதல் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் நடத்தத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போயிற்று. ஏறக்குறைய பதினைந்து நாள், நோயாளிகள் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறுவார்கள். இடமும் உணவும் தருவதில் ஊர்ஜனங்களுக்குப் பங்கு உண்டு. குடும்பத்தாருக்கும் வகுப்பு உண்டு. முகாம் முடிந்தபிறகும் விடாமல் தொடர்ந்து பார்ப்பார்கள். அந்த அம்மையாருக்கு 1992ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நல்ல சமாரியனின் உவமையைப் பிரசங்கிக்கிற நாம், வழியில் கிடந்தவனைத் தூக்கினவர் யார் என்பதை அந்த உவமையிலும் மறக்கக்கூடாது.

2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேரும் அல்சர், பிரஷர், கீழே விழுந்த காயம் என்று நம் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுபடியும் குடித்துவிட்டால்? ஆதரவாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் உண்டு, உங்கள் பணம். டாக்டர் பாப் ஸ்மித் குடியை நிறுத்தச் சம்மதித்த சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடியும் நிலைதவறிக் குடித்தார். நண்பர்கள் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10ஆம் தேதி குடித்ததே அவருடைய கடைசிக் குடி. அந்த மாநாட்டோடு அவரை எழுதித் தள்ளியிருந்தால் எத்தனை பேருக்கு நஷ்டம்! இந்நோய் சர்க்கரை வியாதியைப்போல் நெடுங்காலம் பார்க்கவேண்டிய நோய். சர்க்கரை ஏறிவிட்டது என்று வரும் நோயாளியை நாம் துரத்துவதில்லை.

பனையேறிகளின் பிள்ளைகளாகிய நம்மில் அநேகருக்கு இது சுலபமாய் விளங்கும். ஒரே பாளையிலிருந்துதான் பதநீரும் வருகிறது, கள்ளும் வருகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு இன்றைக்கு உதவாது. கலயத்தைக் கழுவி மறுபடியும் தடவவேண்டும். குடியை விட்டு இருபது வருஷம் ஆனவர்களும் வாராவாரம் கூட்டத்துக்குப் போவதன் காரணம் இதுவே.

அதே நேரத்தில், விடுதலையடைந்தவனை மறுவாரமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கைதட்டலும் ஒரு போதைதான். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் கண்காணியைப்பற்றிச் சொல்லும்போது மதுவைப்பற்றியும் எச்சரிப்பு இருக்கிறது, புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனைப்பற்றியும் எச்சரிப்பு இருக்கிறது. நாற்காலி அடுக்கட்டும், தேநீர் ஊற்றட்டும், புதிதாய் வரும் நோயாளியின் பக்கத்தில் உட்காரட்டும். பேக்கரும் குழுவில் உட்கார்ந்து, பேசி, கேட்டு வளர்ந்த பிறகே மற்றவர்களை நடத்தினார். திருவிருந்தில் புளிக்காத திராட்சைரசத்தையே எல்லாருக்கும் கொடுத்தால் இப்படிப்பட்ட சகோதரர் பயமில்லாமல் பந்திக்கு வருவார்கள். இது ஒரு சின்னக் காரியம். ஆனால் கேட்டு வாங்க அவர்களுக்குக் கூச்சம்.

இந்த மாதம் வீட்டுக் கூட்டங்களில் மத்தேயு 5:3-10ஐயும் யாக்கோபு 5:13-16ஐயும் சேர்த்து வாசியுங்கள். நம் சபையில் ஒரு குடும்பம் இந்த நோயைச் சொல்லிக்கொள்ளப் பயப்படுமானால், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பேசுங்கள். அப்படி ஒரு கடிதம் உங்கள் போதகருக்கு வந்தால் யார் எழுந்து நிற்பார்கள் என்றும் பேசுங்கள். பெயர்களைச் சொல்லாமல் பேசுங்கள். உடனே ஆலோசனை வேண்டுவோர் 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசியை எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசுவார்கள்.

முதலில் சொன்ன குடும்பத்தைப்பற்றிக் கேட்பீர்கள். பத்து நாள் வார்டில் இருந்தார். வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்தில் ஒருமுறை தவறினார். மறுநாள் காலையில் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். போன வாரம் இருவருமாக வந்தபோது அந்தச் சகோதரி ஒரு காரியம் சொன்னார். அவர்கள் கல்யாணத்துக்கு இருவர் பெயரும் போட்டு நெய்த பத்தமடைப் பாய் ஒன்று இருந்ததாம். பட்டுப்போல் மெல்லிய கோரை. குடிச் செலவுக்காக அதை அவர் யாருக்கோ விற்றுவிட்டார். பெயர் நெய்த பாயை வாங்கினவருக்கு அது எதற்கு உதவிற்றோ தெரியவில்லை. இப்போது அவர் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து, அதேபோல் ஒன்று நெய்யச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறாராம். கோரையை ஊறப்போட்டுக் கிழித்து நெய்து முடிக்க மாதங்கள் ஆகும் என்று நெசவுக்காரம்மா சொல்லிவிட்டார்களாம். "ஆகட்டும் ஐயா, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.